அண்ணன் மாட்டினது

"டாக்டர்! டாக்டர்! கொஞ்சம் இங்க வாங்க!"

பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்ததும் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்தேன். பதினொரு வருஷமாக அந்தக் கூப்பாடு எனக்கு உரியது. ஏழு வெல்டிங் மெஷின்களுக்கு நான் ஒருவன்தான் மெக்கானிக். எது முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாலடி நடந்திருப்பேன். அதற்குள் என் சகலை, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டவன் கூப்பிட்டது அவனை.

தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாதிரி டிரம் பக்கம் திரும்பினேன். தாகமே இல்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் வேலை பார்த்த இடத்தை மூடியபோது, "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு உங்க பட்டறையில ஒரு இடம் பார்க்கக் கூடாதா" என்று மனைவி ஒரு மாதம் அரித்தெடுத்தாள். நான்தான் ஃபோர்மேனிடம் பல்லைக் காட்டிச் சேர்த்துவிட்டேன். வெல்டராக வந்தான். வந்து எட்டு மாதம்.

வெல்டராகவே இருந்திருந்தால் எனக்கும் அவனுக்கும் ஒன்றும் வந்திருக்காது. அவன் வெல்டு நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். சோழியை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அவனுக்கு இன்னொரு வித்தையும் தெரிந்திருந்தது. மெஷினைத் தொடாமல், போட்ட வெல்டைக் குனிந்து பார்த்தே, நோய் எங்கே என்று சொல்லிவிடுவான். "வயர் தயங்கித் தயங்கி வருது, ரோலரை ரொம்ப இறுக்கிட்டீங்க" என்பான். "டிப் தேஞ்சுபோச்சு, நெருப்பு அலையுது பாருங்க" என்பான். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

என் வழி வேறு. மெஷின் சரியில்லை என்றால் முதலில் மூடியைக் கழற்றுவேன். தூசியை ஊதி, போர்டைப் பார்த்து, ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்துக்கொண்டு வெளியே வருவேன். நேரம் பிடிக்கும். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

அவன் வந்த மூன்றாவது மாதம் இரண்டாம் நம்பர் மெஷின் படபடவென்று பொரிந்தது. நெருப்பு நிற்கவில்லை, எச்சில் மாதிரி சுற்றிலும் தெறித்தது. நான் மூடியைத் திறந்து காலை முழுக்க உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கமாகப் போன சகலை தகட்டைக் கவ்வியிருந்த எர்த் கிளாம்ப்பைத் தொட்டுவிட்டு விரலை உதறினான். "சுடுதுண்ணே" என்றான். கிளாம்ப் கடித்திருந்த இடத்தில் பெயின்ட். கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. அவன் உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து மறுபடி மாட்டினான். மெஷின் பாட ஆரம்பித்துவிட்டது.

அந்த மெஷினில் வேலை செய்கிறவன் ஒட்டடைக்குச்சி. ஆறடிக்கு மேலே உயரம், ஒரு கைப்பிடி சதை கிடையாது. வாய் மட்டும் நல்ல வளர்த்தி. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னான்:

"காலைல இருந்து நம்ம டாக்டர் வயித்தைக் கிழிச்சுத் தேடினாரு. சின்ன டாக்டர் வந்து கால்ல இருந்த முள்ளைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சின்ன டாக்டர் என்ற பேரில் அடுத்த மாதமே 'சின்ன' உதிர்ந்துவிட்டது.

வீட்டிலும் அதே பாட்டுதான். "தங்கச்சி போன் பண்ணா. அவரை எல்லாரும் டாக்டருங்கறாங்களாமே?" என்பாள் மனைவி. கல்மிஷம் இல்லாமல்தான் கேட்பாள். தட்டைத் தள்ளிவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்பேன். உப்பு சரியாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலை ஃபோர்மேன் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்.

"பக்கத்து ஷெட்டையும் எடுக்கிறோம். மொத்தம் பதினாறு மெஷின். அத்தனைக்கும் பொறுப்பு ஒரே ஆளு. அந்த ஆளு சொல்றபடி மத்தவங்க கேட்கணும்."

"யாரு சார் அது?" என்றான் ஒட்டடைக்குச்சி.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. பெரிய டேங்க் பாஸ் ஆகட்டும். அப்புறம் சொல்றேன்."

சொல்லும்போது அவர் கண் என்மேல் ஒரு தடவை விழுந்தது. பிறகு சகலை மேல் விழுந்தது. அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றது. பதினொரு வருஷம் இந்த மெஷின்களின் கரியை மூக்கில் ஏற்றியவன் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்கிறார் என்பதே எனக்கு முதுகில் சூடு வைத்த மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சகலையின் மெஷினுக்கு சர்வீஸ் முறை. ஐந்தாம் நம்பர். பெரிய டேங்க்கை வெல்டு அடிப்பது அதில்தான். கியாஸ் வருகிற மெஷின் அது. டார்ச் என்கிற வெல்டிங் துப்பாக்கியின் நுனியில் வயர் எரியும்போது சுற்றிலும் கியாஸ் ஊதி, வெளிக்காற்று அண்டாமல் காக்கும். அந்தக் காவல் கொஞ்சம் தளர்ந்தாலும் உருகின இரும்புக்குள் காற்றுப் புகுந்துவிடும். ஆறிய பிறகு வெல்டு முழுக்க ஊசி ஓட்டை. பின்ஹோல் என்போம்.

டார்ச்சை மெஷினிலிருந்து கழற்றினேன். அதன் அடிக்கட்டையில், கியாஸ் நுழைகிற மூக்கில், கசியாமல் அடைக்க ஒரு ரப்பர் ரிங் இருக்கும். சுண்டுவிரல் நகத்தளவு. கம்பெனி போட்டு அனுப்பிய கறுப்பு ரிங். அதில் ஒரு கீறல் இருந்தது. ஆழமில்லை. நகத்தால் விரித்தால் வாய் திறந்தது.

மாற்றுவதற்கு என் டப்பாவில் சிவப்பு ரிங் இருபதாவது இருந்தது. கைக்கெட்டும் தூரம். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், மூன்று அடி தள்ளி அவன் ஒட்டடைக்குச்சிக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தான், இவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான், அதனால். கறுப்பு ரிங்கையே துடைத்து மறுபடி மாட்டினேன். கெடுக்கவில்லை, செய்யவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷினில் தொங்குகிற சர்வீஸ் அட்டையில் 'ரிங் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது செய்யாமல் விட்டதல்ல, செய்தது. அப்போது அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

செவ்வாய் மத்தியானம் முதல் ஓட்டை விழுந்தது. மாலைக்குள் ஒரு சாண் நீளத்துக்கு அம்மைத் தழும்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது.

எட்டு மாதத்தில் அவன் வெல்டில் ஒரு ஓட்டையை யாரும் பார்த்ததில்லை. ஒட்டடைக்குச்சி டார்ச் லைட்டை அடித்துப் பார்த்து, "என்னய்யா, எறும்பு புத்து கட்டியிருக்கு?" என்றான். சகலையின் காது சிவந்திருந்தது. அன்றைக்கு வீட்டில் நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மனைவிக்கே ஆச்சரியம்.

புதன்கிழமை அவன் நோயைத் தேட ஆரம்பித்தான். டீ டம்ளரோடு நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்தேன்.

ஒழுங்காகத் தேடினான், அதையும் சொல்ல வேண்டும். முதலில் மூலையில் ஓடின ஃபேனை நிறுத்தினான். காற்று அடித்து கியாஸ் கலைகிறதா என்று பார்க்க. ஓட்டை நிற்கவில்லை. தகட்டில் எண்ணெய், துரு இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தான். வயர் உருளையை மாற்றினான். சிலிண்டரை மாற்றினான். ரெகுலேட்டரில் கியாஸ் அளவு காட்டுகிற முள் சரியான இடத்தில்தான் நின்றது. பிறகு டார்ச் நுனியை மேலுதட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்விட்சை அமுக்கினான்.

"வருது. ஆனா சோம்பேறியா வருது" என்றான். "அங்க கிளம்புற அளவு இங்க வந்து சேரல. நடுவுல எங்கேயோ இறங்கிப் போயிடுது."

பொறாமையிலேயே ரொம்பக் கசப்பானது எது தெரியுமா? சரியாகச் செய்கிறவனைப் பார்த்து, 'சரியாகச் செய்கிறான்' என்று தொழில் தெரிந்த கண் நமக்குள்ளேயிருந்து சொல்வதுதான்.

சிலிண்டரிலிருந்து மெஷின் வரை ஹோஸ் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு குமிழி வரவில்லை. மெஷின் மூடியைத் திறந்து உள்ளே கியாஸ் வால்வைப் பார்த்தான். இணைப்புகளை இறுக்கினான். மிச்சம் இருந்தது டார்ச் ஒன்றுதான்.

"டார்ச்சைக் கழட்டிப் பாரேன்" என்றான் ஒட்டடைக்குச்சி. "இல்ல, என்னோடதை மாட்டிப் பாரு. அஞ்சு நிமிஷ வேலை."

நான் டம்ளரை வாயில் வைத்தபடியே நின்றேன்.

சகலை அட்டையைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தான். "வேணாம். அது அண்ணன் மாட்டினது. ரெண்டு நாள் ஆகல, புது ரிங் போட்டிருக்காரு."

"அதனால என்ன? பார்க்கிறதுல என்ன குறைஞ்சுடப்போகுது?"

"அவர் கண்ணு முன்னாடியே கழட்டிப் பார்த்தா, அவரை நம்பலைன்னு அர்த்தமாயிடும். அதுல இருக்காது, விடு."

மறுபடி முதலிலிருந்து, சிலிண்டர் பக்கமிருந்து, சோப்புத் தண்ணீரைத் தடவ ஆரம்பித்தான்.

அவன் என்னை ஏளனம் செய்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மரியாதை வைத்துத் தொலைத்தான். அந்த மரியாதையினாலேயே அவனுக்கு நோய் கிடைக்கவில்லை. இத்தனை கெட்டிக்காரன் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் செய்திருக்க மாட்டேன். அவன் மாட்டியதை முதல் வேலையாகக் கழற்றியிருப்பேன்.

வியாழன் காலை ஃபோர்மேன் டேங்க்குக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"நேத்து முந்தாநேத்து போட்ட பத்தடி வெல்டையும் வெட்டி எடுக்கணும். நாளைக்கு அந்த ஆளு வந்து நிக்கிறான். என்னய்யா பண்ணிட்டிருக்க?"

"மெஷின்ல ஏதோ இருக்கு சார். தேடிட்டுத்தான் இருக்கேன்" என்றான் சகலை. இரண்டு நாள் தூக்கம் இல்லாத கண்.

"தேடினது போதும். மத்தியானத்துல இருந்து நீ கிரைண்டிங்ல நில்லு. வெல்டைக் கையில தொடாத." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பாருங்க, டாக்டர். இதெல்லாம் உங்க வேலை. சின்னப் பசங்ககிட்ட விட்டது என் தப்பு."

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! பதினாறு மெஷினும் அந்த நிமிஷம் என் மடியில் விழுந்துவிட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. பேருக்கு இரண்டு இடத்தில் தட்டிப் பார்ப்பது, ஆள் நகர்ந்ததும் ரிங்கை மாற்றுவது, வேறு ஏதாவது ஒரு காரணம் சொல்வது.

ஆள் நகரவில்லை. சகலை எனக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நீ போய் கிரைண்டரை எடு" என்றேன்.

"எப்படிப் பார்க்கிறீங்கன்னு பார்த்துட்டுப் போறேண்ணே. எனக்குத் தெரியாம போனது என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

ஒட்டடைக்குச்சியும் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். ஃபோர்மேனும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நகராமல் நின்றார். நான் மூடியைத் திறந்தேன், தூசியை ஊதினேன், மூடினேன். ஹோஸைத் தட்டினேன். எல்லாம் அவன் பார்த்துவிட்ட இடங்கள். ஐந்து நிமிஷத்தில் தொடுவதற்கு வேறு இடமில்லை.

டார்ச்சைக் கழற்றினேன். மூக்கை உள்ளங்கையால் மறைத்து ரிங்கை உருட்டி எடுக்கப் பார்த்தேன். வியர்வைக் கை. வழுக்கித் தரையில் விழுந்து, உருண்டு, அவன் காலடியில் நின்றது.

எடுத்தான். கறுப்பு. அழுக்கேறிப் பளபளத்த பழைய கறுப்பு. கீறல் இப்போது பாதி வரை ஓடியிருந்தது. அவன் அதை விரலில் வைத்து விரித்துப் பார்த்தான். தலை நிமிர்ந்து தொங்குகிற அட்டையைப் பார்த்தான். திறந்திருந்த என் டப்பாவில் இருந்த சிவப்பு ரிங்குகளைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ஒரு வெல்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"என்னய்யா அது?" என்றார் ஃபோர்மேன்.

நான் டப்பாவின் மூடியைச் சாத்தினேன்.

"ரிங் சார்" என்றான் சகலை. உள்ளங்கையை மூடிக்கொண்டான். "அண்ணன் நல்ல ரிங்தான் போட்டிருந்தாரு. நான்தான் டேங்க்குக்குள்ள இறங்கும்போது டார்ச்சை முறுக்கி இழுத்துட்டேன். அதுல வெட்டுப்பட்டிருச்சு. என் தப்புதான்."

"பாத்தீங்களா! ரெண்டு நாளா இவனுக்குக் கிடைக்கல, நம்ம ஆளு கால் மணி நேரத்துல எடுத்துட்டாரு" என்று ஃபோர்மேன் என் தோளில் தட்டினார்.

முடிந்தது. நான் கும்பிடு போட்டுவிட்டு சிவப்பு ரிங்கை மாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவன் சாகிற வரை வாயைத் திறந்திருக்க மாட்டான். அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெல்டில் என்னை ஜெயித்தான். நோய் பார்ப்பதில் ஜெயித்தான். என் பேரை எடுத்துக்கொண்டான். இப்போது, நான் திருடிய இடத்தில் நின்று, எனக்கே தானம் போடுகிறான். இனி ஆயுசு முழுக்க ஒவ்வொரு விசேஷத்திலும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவான், மனசுக்குள் என்னை மன்னித்துக்கொண்டே.

"அவன் கையைத் திறக்கச் சொல்லுங்க சார்" என்றேன்.

"எதுக்கு?"

"அது பழைய ரிங். நான் மாத்தல. கீறலைப் பார்த்துட்டுத்தான் மறுபடி மாட்டினேன். அட்டையில எழுதினது பொய்."

பட்டறையில் ஒரு கிரைண்டர் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"ஏன்யா?" என்றார் ஃபோர்மேன். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"இவன் மெஷினுங்கறதால."

ஒட்டடைக்குச்சிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "அண்ணன் மாட்டினதுன்னு சொன்னான். கடைசில அண்ணனே மாட்டினாரு" என்றான். வேறொரு நாளாக இருந்திருந்தால் பட்டறையே சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அவனே தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

ஃபோர்மேன் கத்தவில்லை. "கிரைண்டரை எடுத்துக்கிட்டு உள்ள இறங்குங்க. பத்தடியும் நீங்களே வெட்டுங்க" என்றார். சகலையிடம், "நீ பின்னாலயே வெல்டு போட்டுட்டு வா" என்றார்.

டேங்க்கின் வாய் எனக்குச் சின்னது. தொப்பையை எக்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஓட்டையாக வெட்டி எடுத்தேன். நான் ஒரு முழம் வெட்டி நகர, அவன் பின்னால் நிரப்பிக்கொண்டே வந்தான். இரும்புத்தூள் மூக்கில், பல்லில், கண்ணோரத்தில். முக்கால்வாசி முடிந்தபோது அவன் முகமூடியை ஏற்றினான்.

"நான்தான் சொல்லிட்டேனேண்ணே. அதோட முடிஞ்சிருக்கும். எதுக்கு வாயைத் திறந்தீங்க?"

"நீ சொன்னதாலதான்."

"புரியல."

"புரிய வேணாம். வேலையைப் பாரு."

முகமூடியை இறக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், டேங்க் பாஸ் ஆனது. பொறுப்பு யாருக்கு என்று ஃபோர்மேன் சொல்லக்கூட இல்லை. பக்கத்து ஷெட்டின் சாவியை மேஜை மேல் அவன் பக்கம் தள்ளினார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கையாளாக வைத்துக்கொள் என்று அவனிடம் விட்டுவிட்டார். வீட்டில் மனைவி, "தங்கச்சியைக் கேட்டேன். அவரு உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வாயைத் திறக்கலையாம். நீங்கதான் என்னமோ பண்ணியிருக்கீங்க" என்றாள். நான் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை சகலை என்னிடம் வந்தான். "அண்ணே, வாங்க. ஏழு டார்ச்சையும் கழட்டிப் பார்க்கணும்."

அண்ணே என்பது மாறவில்லை. கழற்றுவது மாறியிருந்தது.

முதல் மெஷின். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் உள்ளே பார்த்தான். சிவப்பு ரிங், போன மாதம் நான் போட்டது. திரும்ப மாட்டச் சொன்னான். இரண்டாம் மெஷின், சிவப்பு. மூன்றாவதும் அப்படியே. எல்லாம் ஒழுங்காகச் செய்த வேலை. பதினொரு வருஷத்தில் நான் பொய் எழுதின அட்டை அந்த ஒன்றுதான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதுதான், நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நாலாவதில் அவன் ரிங்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டான்.

"சரியா இருக்கா?" என்றேன். கேட்ட பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் ஐந்தாவதைப் பார்க்கப் போனான்.